பிள்ளை ஓடித் திரியிறான், இனியும் ஏன் குளிசை?

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய்க்கான முதல் கட்டச் சிகிச்சையை முடித்து யாழ்ப்பாணம் திரும்பிய பிள்ளைகளின் பெற்றோர் சில மாதத்தில் கேட்கிற கேள்வி இது. கேட்டால் நல்லது. கேட்காமலே குளிசையை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

சிறுவர்களுக்கு அதிகம் வருவது லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போது உடம்பில் ஒரு லட்சம் கோடி புற்றுக்கலங்கள்கூட இருக்கலாம். முதல் மாத மருந்திலேயே பெரும்பகுதி அழிந்துவிடும், எலும்பு மச்சையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நோய் தெரியாது, அப்புறம் முடி முளைக்கிறது, பிள்ளை சோறு கேட்கிறான், ஒழுங்கையில் சைக்கிள் ஓடுகிறான், அம்மம்மா நேர்த்தி வைத்தபடி நல்லூருக்குக் கூட்டிப் போகிறார். ஆனால் கண்ணில் படாத கலங்கள் இன்னும் கோடிக்கணக்கில் கிடக்கலாம். அவற்றை அழிக்கத்தான் இரண்டு மூன்று வருட வைத்தியம்.

இது மனம்போன கணக்கில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் சிறுவர் ஆராய்ச்சி மருத்துவமனை 1962இல் திறந்தபோது இந்த நோய் வந்த நூறு பிள்ளைகளில் நாலு பேர்தான் தப்பினார்கள். டொனால்ட் பிங்கலும் அவருடைய குழுவும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளைப்பக்கம் ஒளிகிற கலங்களுக்கும் தனியாக வைத்தியம் செய்து, அதன் பிறகும் வருடக்கணக்காக மருந்தைத் தொடர்ந்தார்கள். பத்து வருடத்துக்குள் பாதிப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள், இன்று அங்கே நூற்றில் 90 பேருக்கு மேல். அந்த மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின் எங்கள் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து வந்தது (அதற்காகப் பூவை அவித்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு).

பிறகு அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய இன்னொரு ஆய்வில், குளிசைப் போத்தல் மூடியிலேயே சின்னக் கருவி பொருத்தி, எந்த நாளில் திறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தினமும் எடுக்க வேண்டிய மேர்கப்ரோபியூரின் குளிசையை 95 சதவீதத்துக்குக் குறைவான நாட்களில் எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல். மாதத்தில் இரண்டு இரவு தவறினாலே 95க்குக் கீழே போய்விடும்.

அக்கறை இல்லாமல் யாரும் நிறுத்துவதில்லை. மருந்து இலவசம்தான், ஆனால் இரவு பஸ், விடுபடுகிற நாட்கூலி, வீட்டில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறதே. தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எதை இங்கேயே பார்க்கலாம், எதற்கு மகரகம போகத்தான் வேண்டும் என்று கிளினிக்கில் வெளிப்படையாகக் கேளுங்கள், பயணத்தை நீங்களாக வெட்ட வேண்டாம்.

ஒரு அம்மா நாட்காட்டியைக் கிளினிக்குக்கே கொண்டுவருவார். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கோடு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மெத்தோட்ரெக்சேட்டுக்குச் சிவப்பு வட்டம். அந்த வட்டம் முக்கியம், கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற மருந்தைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள், ஏச மாட்டோம். மிஞ்சிய குளிசையையும் பக்கற்றோடு கொண்டுவாருங்கள்.

காய்ச்சல் 38 பாகை வந்தால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்க வேண்டாம். நடுச்சாமம் என்றாலும் சரி, பெரியாஸ்பத்திரிக்கு வந்து, “கீமோ எடுக்கிற பிள்ளை” என்று வாசலிலேயே சொல்லுங்கள்.