பாஸ்வேர்டு மேனேஜர் நிரப்ப மறுக்கும்போது

இணையக் கணக்கு பறிபோன பிறகு உதவி கேட்டு வருபவர்களிடம், தகவல் பாதுகாப்புப் பணியில் இருக்கும் நான் முதலில் கேட்பது, கடவுச்சொல்லைப் பாஸ்வேர்டு மேனேஜர் (கடவுச்சொற்களைத் தன் பெட்டகத்தில் சேமித்துவைத்து நிரப்பித் தரும் மென்பொருள்) நிரப்பியதா அல்லது அவர்களே எடுத்து ஒட்டினார்களா என்பதைத்தான். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் இதற்குச் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. "அது அடிக்கடி இப்படித்தான் சார் அடம்பிடிக்கும், அதனால் பெட்டகத்தைத் திறந்து, காப்பி செய்து ஒட்டிவிட்டேன்" என்றார். அவர் ஒட்டிய இடம் அசல் தளத்தை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த போலித் தளம். அன்று அந்த மென்பொருள் அடம்பிடிக்கவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்தது.

பாஸ்வேர்டு மேனேஜர் ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் அது எந்த இணைய முகவரிக்கு உரியது என்பதையும் சேர்த்தே சேமிக்கிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அந்தப் பக்கத்தின் முகவரியில் உள்ள டொமைனையும் (தளத்தின் பெயர்ப் பகுதி) பெட்டகத்தில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே நிரப்ப முன்வருகிறது. ஆங்கிலத்தின் 'ஆர்', 'என்' ஆகிய சிற்றெழுத்துகள் ஒட்டி நின்றால் நம் கண்ணுக்கு 'எம்' போலத் தெரியும்; சிரிலிக் எழுத்துமுறையின் 'அ' ஆங்கிலத்தின் 'ஏ' போலவே இருக்கும். மென்பொருளுக்கு இந்த மயக்கம் கிடையாது. "இன்றைக்குள் உள்நுழையாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்ற மிரட்டலும் அதனிடம் எடுபடாது. விசைப்பலகையில் தட்டும் நேரம் மிச்சம் என்பதற்காகத்தான் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்துகிறார்கள். என் பார்வையில், அந்த ஒப்பீடுதான் இதன் முதன்மையான பயன்.

அப்படியிருக்க, அந்த மறுப்பை அவர் ஏன் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை? அவருடைய பெட்டகத்தில் இருந்த பல பதிவுகள், அசல் தளங்களிலேயே நிரம்பாமல் நின்றவை. நாள்தோறும் காரணமில்லாமல் ஒலிக்கும் மணியை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனவே போலித் தளங்களால் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங் மோசடி பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம், பெட்டகத்தில் பதிவுகளைச் சரியாகச் சேமிப்பது எப்படி என்பதையே இப்போது முதலில் சொல்கிறேன்.

தவறு பெரும்பாலும் கணக்கு தொடங்கும் நாளிலேயே நேர்ந்துவிடுகிறது. ஒரு படிவத்தில் எது பயனர் பெயர், எது கடவுச்சொல் என்பதை மென்பொருள் ஊகித்தே அறிகிறது. தளத்தை வடிவமைத்தவர்கள் பக்கத்தை உருவாக்கும் ஹெச்டிஎம்எல் நிரலில் 'ஆட்டோகம்ப்ளீட்' என்ற பண்பின் வழியாக, இது 'யூசர்நேம்', இது 'நியூ-பாஸ்வேர்டு' என்று குறித்திருந்தால் ஊகம் பெரும்பாலும் தவறாது. குறிக்காவிட்டால், கடவுச்சொல் கட்டத்துக்கு முன்னால் எந்தக் கட்டம் இருக்கிறதோ அதையே பயனர் பெயர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பதிவுப் படிவத்தில் அந்த இடத்தில் கைப்பேசி எண்ணோ புனைபெயரோ இருந்தால், அதுவே பயனர் பெயராகச் சேமிக்கப்பட்டுவிடும். முகவரியும் பதிவு செய்த பக்கத்தினுடையதாகவே இருக்கும். உள்நுழையும் பக்கமோ தாய் நிறுவனத்தின் வேறொரு டொமைனில் இருக்கலாம். இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரே பழக்கம்தான். கணக்கு தொடங்கிய உடனேயே வெளியேறி, மென்பொருளைக் கொண்டே நிரப்பச் செய்து மீண்டும் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். நிரம்பவில்லை என்றால், அசல் தளத்தில்தான் இருக்கிறோம் என்பது உறுதியாகத் தெரிந்த அந்தக் கணத்திலேயே பதிவைத் திருத்திவிடலாம்.

இந்தச் சோதனையில் வேறொரு வினோதமான பிழையும் பிடிபடும். மென்பொருள் 32 எழுத்துகளில் கடவுச்சொல் உருவாக்கித் தரும். பதிவுப் படிவமோ 20 எழுத்துகளுக்கு மேல் ஏற்காமல், அதைச் சொல்லாமலேயே மீதியை வெட்டிவிடும். பெட்டகத்தில் இருப்பது 32, தளத்தில் இருப்பது 20. உள்நுழையும் பக்கத்தில் அந்த வெட்டு இல்லாவிட்டால், சரியான கடவுச்சொல்லே தவறு என்று திரும்பத் திரும்ப வரும்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதாமல், வாடிக்கையாளர் எண், நிறுவனக் குறியீடு என்று மூன்றாவது கட்டம் ஒன்றையும் கேட்கும் தளங்கள் உண்டு. பல மென்பொருள்களில் ஒரு பதிவுக்குள் கூடுதல் கட்டங்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜரை எடுத்துக்கொண்டால், படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நிரலில் என்ன பெயரோ அதே பெயரைப் பெட்டகத்திலும் இட்டால் அதுவும் சேர்ந்து நிரம்பும். கட்டத்தின் மீது வலது சொடுக்கிட்டு 'இன்ஸ்பெக்ட்' செய்தால் அந்தப் பெயர் தெரியும். ஆர்வ மிகுதியில் படிவத்தில் உள்ள அனைத்தையும் சேமிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கட்டங்களில் தளங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு டோக்கன்கள் (தற்காலிகக் குறியீடுகள்) காலாவதியாகி மாறிக்கொண்டே இருப்பவை. பழையதைக் கொண்டு நிரப்பினால் உள்நுழைவே தோற்றுப்போகும்.

முகவரிப் பொருத்தம் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். முதன்மை டொமைன் ஒத்திருந்தால் போதும் என்பது பல மென்பொருள்களின் இயல்புநிலை. அலுவலகத்தில் ஒரே டொமைனின் கீழ் பல துணை டொமைன்களில் (டொமைனுக்கு முன் வேறொரு சொல் சேர்ந்த முகவரிகளில்) வெவ்வேறு செயலிகள் இயங்கினால், ஒன்றின் கடவுச்சொல் மற்றொன்றிலும் நிரம்ப முன்வரும். அத்தகைய பதிவுகளுக்கு மட்டும் முழுப் பெயரும் பொருந்த வேண்டும் என்று மாற்றிவையுங்கள்.

நிரப்பக் கூடாத இடத்தில் நிரப்புவது இதற்கு நேர்மாறான ஆபத்து. பக்கம் திறந்தவுடன், நாம் கேட்காமலேயே நிரப்பும் அமைப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2014-இலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று இதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. 2017 டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விளம்பரக் கண்காணிப்பு நிரல்கள் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உள்நுழைவுப் படிவத்தை நுழைத்து, உலாவி தானாக நிரப்பும் மின்னஞ்சல் முகவரியை எடுத்துச் சென்றதை, அதிகம் பார்க்கப்படும் பத்து லட்சம் தளங்களில் 1,110 தளங்களில் கண்டறிந்தார்கள். அங்கே முகவரி ஒப்பீடு காப்பாற்றவில்லை. தளம் அசல், உள்ளே ஓடிய நிரல்தான் அந்நியம். பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும் கேட்பதுபோல் தோன்றும் படிவம், திரைக்கு வெளியே ஒளித்துவைத்த கட்டங்களில் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உலாவியிடமிருந்து வாங்கிவிட முடியும் என்பதும் அதே ஆண்டின் தொடக்கத்தில் செய்து காட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், நாம் வேறு எதையோ சொடுக்குகிறோம் என்று நினைக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாத நிரப்பு பட்டியலைச் சொடுக்கவைக்கும் தாக்குதல் விளக்கப்பட்டது.

ஆகவே, தானாக நிரப்புவதை நிறுத்திவிட்டு, விசைக் குறுக்குவழியாலோ எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்) பொத்தானாலோ கேட்டால் மட்டும் நிரப்பும்படி அமையுங்கள். குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகை உலாவிகளில், சொடுக்கினால் மட்டுமே எக்ஸ்டென்ஷனுக்குத் தளத்தை அணுக அனுமதி என்ற தெரிவும் உண்டு. சற்றுத் தொல்லைதான், ஆனால் கடைசியாகச் சொன்ன தாக்குதலுக்கு இது நல்ல தடுப்பு. முகவரி, கடன் அட்டை விவரங்களைப் பெட்டகத்தில் தனிப் பதிவுகளாக வைத்துக்கொண்டு, உலாவியின் சொந்த நிரப்பு வசதியை அணைத்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே கட்டத்துக்குப் போட்டியிடும் குழப்பமும் அதோடு தீரும்.

தளங்களை வடிவமைப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. கடவுச்சொல்லை ஒட்டவிடாமல் தடுப்பதைப் பாதுகாப்பு என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டுதலில், ஒட்டுவதை அனுமதிக்க வேண்டும் என்றே கூறியிருக்கிறது. தடுப்பதால் மக்கள் தட்டுவதற்கு எளிதான, குட்டையான கடவுச்சொற்களைத் தேடிப் போகிறார்கள். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமித்துவைக்கும் மறைக்குறியீட்டுச் சாவி) வசதி தரும் தளங்களில் அதற்கு மாறிவிடலாம். அங்கே முகவரி ஒப்பீடு நுட்பத்திலேயே அடங்கியிருக்கிறது, காப்பி செய்து ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.

கணக்குப் பிரிவு நண்பரின் பெட்டகத்தை, ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து இருவருமாகச் சரிசெய்தோம். எவ்வளவு முயன்றும் இரண்டு தளங்கள் மட்டும் நிரம்பவே இல்லை. அந்த இரண்டு பதிவுகளின் குறிப்புப் பகுதியிலும் அவரே இப்படி எழுதிவைத்தார்: "இது நிரம்பாது. மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாமல், பெட்டகத்தில் உள்ள முகவரியைச் சொடுக்கித் திறந்த பிறகே ஒட்டவும்."