கிருதி தியாகராஜருடையது, கச்சேரி உங்களுடையது

மார்கழி சீசன் முடிந்து பொங்கல் வருவதற்குள் கச்சேரிப் பதிவின் உரிமையை எழுதி வாங்கும் அதே தாள் மறுபடியும் வக்கீலான என் மேஜைக்கு வந்துவிட்டது. இந்த முறை கொண்டுவந்தவர் ஓர் இளம் மிருதங்கக் கலைஞர். அவர் அனுமதியோடு, அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

ஒரே பக்கம். "இன்றைய நிகழ்ச்சியின் ஒலி, ஒளிப்பதிவு தொடர்பான அனைத்து உரிமைகளையும் உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, இப்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும் அளிக்கிறோம்." ராயல்டி என்று அச்சிட்ட இடத்தில் ஒரு கோடு. கீழே பாடகியின் கையெழுத்து, அதன் பக்கத்தில் பேனாவால் "மற்றும் குழுவினர்". கச்சேரிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தம்புராவுக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டி வாங்கிய கையெழுத்து. சில வாரங்களில் தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியம் தனித்து வாசிக்கும் பகுதி) மட்டும் தனியே வெட்டப்பட்டு, விளம்பரங்களோடு இணையத்தில் ஓடுகிறது. வாசித்தவர் பெயர் எங்கும் இல்லை. "பணம்கூட வேண்டாம் மேடம், என் பெயரையாவது போடச் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்டாராம். சபா நிர்வாகி சொன்ன பதில்: "தியாகராஜர் கிருதிக்கு யாருக்கய்யா உரிமை?"

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! சபாக்காரர்கள் சொல்கிறார்கள், சேனல் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். கலைஞர்களே சொல்லும்போதுதான் தாங்கவில்லை. ஆகவே ஒரு முறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

இயற்றியவரின் உரிமை வேறு, நிகழ்த்தியவரின் உரிமை வேறு. இயற்றியவருக்கான பதிப்புரிமை அவர் ஆயுள் முழுவதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். தியாகராஜர் மறைந்தது 1847இல். அவரையும் சேர்த்துக் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் இயற்றிய பாடல்களான கிருதிகளை யாரும் யாரிடமும் கேட்காமல் பாடலாம். (பழைய பாட்டு எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பாபநாசம் சிவன் 1973இல்தான் மறைந்தார். அந்தக் கணக்கு 2033 முடியும்வரை ஓடுகிறது.) ஆனால் அந்த கிருதியை நேற்று மாலை மேடையில் பாடியவருக்கு, அந்தப் பாடலின்மீது இல்லாவிட்டாலும், அந்தப் பாட்டின் நிகழ்த்துதலின்மீது தனி உரிமை உண்டு. பாடல் பொதுச்சொத்து என்பதால் நிகழ்த்துதல் பொதுச்சொத்து ஆகிவிடாது.

அதிலும் கர்நாடக சங்கீதத்தில் இப்படி வாதிடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள். கல்யாணி ராகத்தில் ஒரு கிருதியை விஸ்தாரமாகப் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆலாபனை (சொற்கள் இல்லாத ராக விரிவு) பாடகியின் கற்பனை. அதற்குப் பதிலாக வயலினில் வந்தது வயலின்காரரின் கற்பனை. நிரவலில், அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும்போது, வரி மட்டும்தான் தியாகராஜருடையது. கல்பனாஸ்வரம் (ஸரிகமபதநி எழுத்துகளைக் கொண்டு பாடுவது) அந்த நொடியில் பிறந்தது. தனி ஆவர்த்தனத்தில் சாகித்யத்தின், அதாவது பாடல் வரிகளின், ஓர் எழுத்துகூட இல்லை. மோஹரா, கோர்வை போன்ற தாளக் கணக்குகள் எல்லாம் அந்த மிருதங்கக்காரர் குருவிடம் கற்று, தன் மனத்தில் கணக்குப் போட்டு வாசித்தவை. அதை வெட்டி எடுத்துக்கொண்டு "தியாகராஜர் கிருதி" என்று சொன்னால் என்ன பொருள்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோருக்கு முதலில் எதுவும் இல்லை. 1994இல் கொண்டுவந்த திருத்தம் 1995 மே மாதம் அமலுக்கு வந்தபோது 38ஆம் பிரிவு இந்த உரிமையைத் தந்தது. முதலில் 25 ஆண்டுகள், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50 ஆண்டுகள். 2012 திருத்தம் இதை இன்னும் வலுப்படுத்தியது. நிகழ்த்துவோர் யார் என்று சட்டம் தரும் பட்டியலைப் படித்தால், பாடகர், வாத்தியக் கலைஞர், நடனக் கலைஞரோடு கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை வருகிறார்கள். கடம் வாசிப்பவரும் ஹரிகதை சொல்பவரும் இதற்குள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு. பிரதான கலைஞர் "மற்றும் குழுவினர்" என்று எழுதி, மற்றவர்களுடைய உரிமையைத் தாரைவார்க்க முடியாது. பெயர் குறிப்பிடப்பட வேண்டும், வாசிப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கவும் 38பி பிரிவு இடம் தருகிறது. (நேரத்துக்காகச் சுருக்கியதை மட்டும் வைத்துச் சிதைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட முடியாது. இதை எதிர்பார்த்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.)

இங்கேதான் சங்கம் வருகிறது. 2013இல் மத்திய அரசு, இந்தியப் பாடகர்களின் உரிமைச் சங்கத்தைப் பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவு செய்தது. பின்னர் அது வாத்தியக் கலைஞர்களையும் பெயரில் சேர்த்துக்கொண்டு இஸாம்ரா ஆனது. பதிவான நிகழ்த்துதல்கள் வணிகரீதியில் பயன்படும்போது ராயல்டியை வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருவதே அதன் வேலை. ராயல்டி செலுத்தாமல் பாடல்களை ஒலிக்கவிட்ட ஓர் உணவகத்துக்கு எதிராக 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் உத்தரவும் பெற்றிருக்கிறது. "அது சினிமாப் பாடகர்களுக்கு" என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படிப் பிரிவினை எதுவும் இல்லை. ஆல்பம் போட்டவர், பதிவுகள் இணையச் சேவைகளில் இருப்பவர், எல்லோரும் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள். அதே நேரம், சபா தரவேண்டிய சன்மானத்தை அது வசூலித்துத் தராது. அது தொழிற்சங்கம் அல்ல. பிரிட்டனில் 1893 முதல் இயங்கும் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து ஆலோசனை சொல்கிறது. நம் கலைஞர்களிடம் அப்படி ஒன்றுகூடும் பழக்கம் வளராததால்தான் தாள் நேராக என் மேஜைக்கு வருகிறது, அதுவும் கையெழுத்துப் போட்ட பிறகு.

தயவுசெய்து முன்பே வாருங்கள். மேடைக்குப் பின்னால் நீட்டப்படும் எந்தத் தாளிலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "நாளை படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் வானம் இடிந்து விழாது. ஒப்பந்தத்தில் எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்று இருக்கிறதா பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டாகவும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவாகவும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தாளைத் தயாரிப்பவர்கள் மறக்காமல் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டையும் அடித்துவிட்டு ஆண்டையும் நாட்டையும் எழுதக் கேளுங்கள். "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களும்" என்பதை முதலில் அடியுங்கள். ஒரு பாடகரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலி செய்வதற்கு எதிராக 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டிவந்த காலம் இது. ஒவ்வொரு கச்சேரிக்கும் தேதி, இடம், உடன் வாசித்தவர்கள், பதிவு செய்தவர் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இது இல்லாமல் வந்துவிட்டு, வழக்கு நிற்குமா என்று கேட்கிறீர்கள்.

பிரதான கலைஞர்களே, பக்கவாத்தியக்காரர்களுக்காக நீங்கள் கையெழுத்திடாதீர்கள். உங்கள் தாட்சண்யத்துக்காக அவர்கள் வாய் திறப்பதில்லை.

கல்யாண வீட்டு நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கும் இதே சட்டம்தான். குடும்பத்தார் தங்களுக்காகப் பதிவு செய்துகொள்வது தவறில்லை. வீடியோகாரர் அதைத் தன் சேனலில் போட்டுச் சம்பாதிப்பது தவறு. ரசிகர்களுக்கும் அப்படித்தான். உங்கள் சொந்தக் கேட்புக்கும் படிப்புக்கும் பதிவு செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறது, பொதுவெளியில் ஏற்றுவதை அனுமதிக்கவில்லை. அன்பினால்தான் ஏற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கலைஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

சபா நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் கச்சேரிக்கான அழைப்புக் கடிதத்தோடே ஒப்பந்தத்தையும் அனுப்புங்கள். பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி, தனித்தனி கையெழுத்து வையுங்கள். வீடியோவின் தலைப்பிலோ கீழேயோ எல்லோருடைய பெயரையும் முழுதாக எழுதுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருப்பவற்றில் பெயர் விடுபட்டிருந்தால் இந்த வாரமே சேர்த்துவிடலாம், அதற்கு வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை.