வெள்ளை அணு கூடியதென்று மாத்திரையை மாற்றாதீர்கள்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி வந்தவர், மூச்சுத்திணறல் தணிந்து நடந்தே வீடு திரும்பினார். இரண்டு நாளில் மகன் ரத்தப் பரிசோதனைத் தாளுடன் வந்து நிற்கிறார். “வெள்ளை அணு 14,000 இருக்கிறது டாக்டர். கிருமி ஏறிவிட்டது என்று ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிட்டோம்.” காய்ச்சல் இல்லை, சளி கூடவில்லை. நிறுத்திய பிறகு திணறல்தான் திரும்பியிருந்தது.

அந்த எண்ணை ஏற்றியதே பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களில் ஏறக்குறைய பாதி, ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டி ஒதுங்கி நிற்பவை. கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் அவை வருவதில்லை. ஸ்டீராய்டு உள்ளே போனதும் சுவரை விட்டு ஓட்டத்தில் கலக்கின்றன. எலும்பு மஜ்ஜையும் கொஞ்சம் அனுப்புகிறது. கிருமியே இல்லாமல் எண்ணிக்கை ஏறும். புகைப்பவருக்குச் சாதாரண நாளிலேயே சற்றுக் கூடுதலாக இருக்கும். திரும்பவும் சொல்கிறேன்: எண் ஏறினாலே கிருமி என்று அர்த்தமில்லை.

“வெள்ளை அணு அதிகமென்றால் எதிர்ப்பு சக்தி அதிகம்தானே?” என்று கேட்பவர்களும் உண்டு. இந்த நோயில் நியூட்ரோபில்களுக்குப் பஞ்சமே இல்லை. அவை போகும் வழிதான் கோளாறு. ஆரோக்கியமானவரின் நியூட்ரோபில் அழைப்பு வந்த திசையில் நேராக நகரும். இந்த நோயாளிகளின் அணுக்கள் வேகமாக ஓடுகின்றன, ஆனால் திசை தவறி அலைகின்றன. போகிற வழியெல்லாம் அவை சிந்தும் எலாஸ்டேஸ் என்ற நொதி, நுரையீரலைச் சுருங்கி விரியச் செய்யும் நார்களை அரித்துவிடுகிறது. இதில் எதிர்ப்பு சக்திப் பொடி எதைக் கூட்டப்போகிறது?

அந்தத் தாளில் நான் தேடுவது யாரும் கவனிக்காத இயோசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் வரிசையை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 300-க்கு மேல் இருந்தால் உறிஞ்சும் ஸ்டீராய்டு நோய் முற்றுவதைக் குறைக்க உதவும். 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாள்களில் இந்த எண் சரிந்துவிடும், அப்போது பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஆன்டிபயாட்டிக் தேவையா என்பதற்குச் சளியைப் பாருங்கள். நியூட்ரோபில்கள் குவிந்தால் அவற்றின் பச்சை நிற நொதியால் சளி பச்சையாகும். அதோடு சளியின் அளவும் திணறலும் கூடினால் தள்ளிப்போடாமல் வாருங்கள். உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, தூக்கக் கலக்கமாகக் குழறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பழைய அட்டையில் மிச்சமான மாத்திரைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். புகையை விடுங்கள், “இனி விட்டு என்ன பயன்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், எந்தக் கட்டத்தில் விட்டாலும் சரிவின் வேகம் குறையும். பரிசோதனைத் தாளில் சிவப்பாக அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் பதறினால், மருந்தை மாற்றுவதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் கேளுங்கள்.