‘ஒரு கிளையைக்கூடத் தொடவில்லையே’: நடைபாலம் கட்டுபவர்களுக்கு ஒரு மர ஆய்வாளரின் வேண்டுகோள்

ஆற்றின் குறுக்கே நடைபாலம் கட்டத் தொடங்கியிருந்த ஓர் இடத்திற்கு அண்மையில் என்னை அழைத்திருந்தார்கள். கரை விளிம்பில் நிற்கும் பெரிய மருதமரம் ஒன்று ஆற்றுப் பக்கமாக மேலும் சாய்வதுபோல் தெரிகிறது, வந்து பார்த்து ‘ஆபத்து இல்லை’ என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. போய்ப் பார்த்தால், மரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, நிலப்பக்கத்தில், கரைக்கு இணையாக, பாலத்திற்கு ஏறும் சாய்தளத்தின் அடித்தளத்துக்கென ஆளுயரப் பள்ளம் தோண்டப்பட்டிருந்தது. அதன் சுவரில் என் முன்கைப் பருமனுள்ள வேர்கள், ஜேசிபியின் பற்கள் பட்டுக் கிழிந்து, நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் முகம் போன போக்கைப் பார்த்த மேற்பார்வையாளர், “மரத்தில் ஒரு கிளையைக்கூட நாங்கள் தொடவில்லையே, ஐயா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இதே வாக்கியத்தை எத்தனை பணியிடங்களில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை நான் விட்டு நாளாகிவிட்டது. இந்த முறை பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த வாக்கியத்திற்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. மேலே கிளைகள் எவ்வளவு உயரமோ, கீழே வேர்களும் அவ்வளவு ஆழம் என்று, மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற்போல் பள்ளிப் பருவத்தில் நாம் எல்லோரும் வரைந்த படம் அது. அதை நம்புபவருக்கு, தண்டிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தோண்டினால் வேருக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றுவது இயல்புதான். உண்மையில், விதையிலிருந்து முளைக்கும் கன்றுக்கு ஆணிவேர் இருந்தாலும், வளர்ந்த மரங்கள் பெரும்பாலானவற்றில் அந்த ஆணிவேரின் முதன்மை குறைந்து, பக்கவேர்களே மரத்தைத் தாங்குகின்றன. அவை பாய் விரித்தாற்போல் மண்ணின் மேலடுக்கில் பரவுகின்றன; வேர்களின் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரையிலான மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கிளை நுனிகளுக்கு நேர் கீழே ஒரு வட்டம் போட்டு, வேர் அதற்குள்தான் இருக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள், அதுவும் தவறு. தடை எதுவும் இல்லாத மண்ணில் வேர்கள் கிளைவிரிவைத் தாண்டி வெகுதூரம் ஓடுகின்றன.

வேர் ஏன் ஆழமாகப் போவதில்லை என்று கேட்டால், அதற்கும் மூச்சுவிட வேண்டும் என்பதே பதில். வேரின் உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் தேவை; அது மண்துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகத்தான் கிடைக்கிறது; ஆழம் கூடக்கூட அந்தக் காற்று குறைகிறது. ஆற்றங்கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், வேர்கள் இன்னும் மேலாகவே தங்கிவிடுகின்றன. நீரில் நின்று பழகிய சில இனங்கள் விதிவிலக்கு என்றாலும், ‘ஆற்றங்கரை மரம், தண்ணீரைத் தேடி ஆழமாக வேர்விட்டிருக்கும்’ என்று ஒரு பொறியாளர் எனக்கே விளக்கியபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

மரத்தைச் சுற்றி எவ்வளவு இடத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பிரித்தானியத் தரநிலையான பிஎஸ் 5837, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதை 12ஆல் பெருக்கினால் கிடைப்பது வேர்ப்பாதுகாப்பு வட்டத்தின் ஆரம். மரம் எவ்வளவு பெரிதானாலும் அந்த ஆரம் 15 மீட்டருக்கு மேல் கணக்கிடப்படுவதில்லை. பிற நாடுகளில் அளக்கும் உயரம் 1.3 அல்லது 1.4 மீட்டராக இருக்கலாம், பெருக்கும் எண்ணும் சற்று மாறலாம். கணக்கின் போக்கு ஒன்றுதான். நான் பார்த்த மருதத்தின் சுற்றளவு 2.5 மீட்டர், அதாவது விட்டம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். பாதுகாக்க வேண்டிய ஆரம் 9.6 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 290 சதுர மீட்டர். 3 மீட்டரில் நேர்கோடாக ஒரு பள்ளம் வெட்டினால், அந்த வட்டத்தில் பத்தில் மூன்று பங்கு ஒரே நாளில் துண்டிக்கப்படுகிறது.

இது சமதளத்து மரத்துக்கான கணக்கு. கரை விளிம்பில் நிற்கும் மரத்துக்கு ஆற்றுப் பக்கத்தில் மண்ணே இல்லை. செங்குத்தாக இறங்கும் கரையின் பக்கம் வேர் ஓட இடமில்லாததால், மரம் தன் வேரின் பெரும்பங்கை நிலப்பக்கமாகவே அனுப்பியிருக்கும். ஆகவே வரைபடத்தில் தண்டை நடுவில் வைத்துக் கவராயத்தால் வட்டம் போடுவது அங்கே செல்லாது. அதே பரப்பை நிலப்பக்கமாகத் தள்ளி வரைய வேண்டும்; அப்படி வரைந்தால் அந்தப் பள்ளம் வெட்டியது பத்தில் மூன்றைவிட மிக அதிகம் என்று தெரியும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. வெளிச்சத்தைத் தேடி ஆற்றின் மேல் சாய்ந்து வளரும் மரத்தைப் பின்னாலிருந்து கயிறுபோல இழுத்துப் பிடித்திருப்பவை நிலப்பக்க வேர்களே. அவற்றை அறுத்துவிட்டு, மரம் ஏன் ஆற்றுப் பக்கம் சாய்கிறது என்று என்னிடம் கேட்டார்கள்.

தோண்டாமலும் மரத்தைக் கொல்லலாம். ஈரமான கரைமண்ணின் மேல் கனரக வண்டி ஓடினால் மண் இறுகிப்போகும். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நிகழ்ந்துவிடுவதால், ‘இரண்டு தடவைதான் லாரி போனது’ என்பது சமாதானம் ஆகாது. சாய்தளத்துக்காக வேரின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்துவது, தண்டைச் சுற்றிச் சிமெண்ட் மூட்டைகளை அடுக்குவது, கலவை இயந்திரத்தைக் கழுவிய நீரை மரத்தடியில் ஊற்றுவது, எல்லாம் இதே வகைதான். இவற்றில் எதற்கும் மரம் உடனே வாடிக் காட்டாது. தண்டிலும் எஞ்சிய வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். உச்சிக் கிளைகள் காய்ந்து தெரியத் தொடங்கும்போது ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போயிருப்பார், பாலத்தின் மேல் மக்கள் நடந்துகொண்டிருப்பார்கள். ‘பச்சையாகத்தானே இருக்கிறது’ என்பது மரம் உயிரோடிருப்பதைச் சொல்லும், உறுதியாக நிற்கிறதா என்பதைச் சொல்லாது. நிறைய இலைகளோடு வேரோடு சாய்ந்த மரங்களை எந்தப் பெருங்காற்றுக்குப் பிறகும் பார்க்கலாம்.

நடைபாலத்திற்கென்றே உரிய சிக்கல் ஒன்றை வடிவமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். பாலம் சிறியது, ஆகவே பாதிப்பும் சிறியது என்று நினைக்கிறார்கள். வெள்ளமட்டத்துக்கு மேலே தளம் நிற்க வேண்டும். சக்கர நாற்காலிகளுக்காகச் சாய்தளம் வேண்டும். 12க்கு 1 என்ற சாய்வில் 2.5 மீட்டர் உயரம் ஏற, இடையில் நிற்கும் தளங்களைச் சேர்க்காமலே 30 மீட்டர் நீளம் வேண்டும், 20க்கு 1 என்றால் 50 மீட்டர். இது ஒரு கரைக்கு மட்டும். அதாவது பாலத்தைவிடச் சாய்தளமே கரையையும் மரங்களையும் அதிகம் தின்கிறது. அதோடு, ஆயத்தமாகச் செய்து கொண்டுவரும் பாலத்தைத் தூக்கி வைக்க ஒரு கிரேன் வரும். அது வர வழி வேண்டும், கால்களை விரித்து நிற்க உறுதியான தரை வேண்டும், கையை வீசக் கிளையில்லாத வானம் வேண்டும். பாலத்தை வைக்கும் நாளன்று காலையில், ‘இந்தக் கிளை இடிக்கிறது’ என்று ஒருவர் சங்கிலி ரம்பத்தோடு ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். கிரேன் எங்கே நிற்கும் என்பதைப் பாலம் எங்கே நிற்கும் என்பதோடு சேர்த்தே முடிவுசெய்யுங்கள்.

மர ஆய்வு என்றால் என்னவென்று பலருக்குத் தெரிவதில்லை. ஏதோ கருவியை மாட்டினால் திரையில் எண் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒலி அலைகளைத் தண்டுக்குள் அனுப்பிப் படம் எடுக்கும் கருவியும், நுண்ணிய ஊசியைத் துளைத்து மரத்தின் எதிர்ப்பை அளக்கும் கருவியும் உண்மையிலேயே உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கண்ணும் கொட்டாப்புளியும் ஓர் இரும்புக் கம்பியும் சந்தேகம் கிளப்பிய மரத்துக்குத்தான் அவை தேவைப்படும். அடித்தண்டில் தட்டுக்காளான் இருக்கிறதா, மண்ணில் புது வெடிப்பு இருக்கிறதா, கவையில் பட்டை உள்மடிந்திருக்கிறதா, வெள்ளம் கரையை அரித்து வேரை வெளியே விட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். காளான் அடியில் தெரிந்தால் மட்டும் என் முகம் மாறும். தண்டு கிண்ணென்று ஒலித்தாலும், வேர் மண்ணுக்குள்ளே மக்கியிருக்கக்கூடும்.

பொந்து இருக்கிறதே என்று பதறுபவர்களுக்கு ஒரு சொல். மரத்தின் வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டியான கட்டை, உயிரற்ற பகுதி; அது மக்கினாலும் சுற்றியிருக்கும் நல்ல சுவர் போதிய தடிப்போடு இருந்தால் மரம் நிற்கும், குழாய் நிற்பதைப்போல. சுவர் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்ன அளவைப் பலரும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குத் துறைக்குள்ளேயே மறுப்பு உண்டு, நானும் அதை ஓர் எச்சரிக்கைக் கோடாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். பொந்துள்ள மரத்தில் வௌவாலோ ஆந்தையோ குடியிருக்கலாம் என்பதால், அதை வெட்டலாமா என்பது என் முடிவாக மட்டும் இருக்க முடியாது. வெட்டுக்காயத்தில் தாரோ வண்ணமோ பூசுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் அரண் கட்டி அடைத்துக்கொள்கிறது என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களிலேயே விளக்கிவிட்டார்.

ஆய்வின் இன்னொரு பாதி மரத்தில் இல்லை, அதன் கீழே இருக்கிறது. யாரும் நடமாடாத கரையில் முறிந்து விழக்கூடிய கிளை ஒரு பொருட்டில்லை. அதே கிளைக்குக் கீழே பாலத்தின் வாயில் வந்து, மழைக்கு ஒதுங்குபவர்களும் ஆற்றைப் பார்த்தபடி நிற்பவர்களும் சேரும்போது, மரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஆபத்து பல மடங்காகிறது. ஆகவே இன்றிருக்கும் கரையை வைத்து நான் எழுதும் அறிக்கை பாலம் வந்த பிறகு பயன்படாது. திட்டமிட்ட கோடு, வாயில், இருக்கைகள் எல்லாவற்றையும் காட்டினால்தான் எந்த மரத்தை வைத்துக்கொள்ளலாம், எதில் காய்ந்த கிளைகளை மட்டும் எடுத்தால் போதும், எந்த மரத்துக்காகப் பாலத்தையே சில மீட்டர் நகர்த்தலாம் என்று சொல்ல முடியும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நன்றாக வாழக்கூடிய மரமும் பத்தாண்டு தாங்காத மரமும் நில அளவை வரைபடத்தில் ஒரே பச்சைப் புள்ளிதான். அந்த வேறுபாடு தெரியாமல் கோடு போட்டால், கோடு பெரும்பாலும் நல்ல மரத்தின் மேல்தான் விழுகிறது. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே, கோடு போடுவதற்கு முன் அழையுங்கள். முதல் வண்டி நுழைவதற்கு முன், கையால் நகர்த்த முடியாத வேலியை மரத்தைச் சுற்றிப் போடுங்கள். வண்ண ரிப்பன் கட்டுவது வேலியாகாது. வேர்ப்பகுதியில் தோண்டியே ஆக வேண்டுமென்றால் கையால் தோண்டுங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் பருமனுள்ள வேர் தென்பட்டால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தொடர் அடித்தளத்துக்குப் பதில் வேர்களுக்கு இடையே சிறிய பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஊன்றும் தூண்களை, இறக்கி, மேலே உத்திரம் போட்டுச் சாய்தளத்தை மண்ணுக்கு மேலாகக் கொண்டுபோக முடியும். செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. அகற்றியே ஆக வேண்டிய மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டுங்கள், அடிக்கட்டையைத் தோண்டிப் பிடுங்காதீர்கள். கரையைப் பிடித்திருப்பது அந்த வேர்தான், அது மக்குவதற்குள் பக்கத்தில் புதுக்கன்று வேரூன்றிவிட வேண்டும்.

அந்த மருதத்துக்கு நான் எழுதியது அகற்றும் பரிந்துரை. ஐந்து மீட்டர் தள்ளிப் போயிருந்தாலும் வேறு ஏதேனும் எழுதியிருக்க முடியும் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, அவர் வரைபடத்தைப் பிரித்து, அந்தப் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது என்று காட்டினார். மரத்தைக் குறித்து அந்த வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அழைப்பவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாலத்தின் வரைபடத்தை அனுப்பும்போது விளக்குக் கம்பங்களுக்கும் அவற்றின் கேபிளுக்கும் தோண்டும் பள்ளத்தின் வரைபடத்தையும் அனுப்பிவிடுங்கள். அது எப்போதும் கடைசியில், வேறொரு ஒப்பந்ததாரரிடமிருந்து வருகிறது. பாலத்துக்காரர்கள் கவனமாகக் காப்பாற்றிய வேர்களின் ஊடே, நேராக, அரை மீட்டர் ஆழத்தில் போகிறது.