பதிவு ரத்தாகாது, தாராளமாக வேலைக்குப் போங்கள்

"எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சிருக்கேன் சார். தனியார்ல சேர்ந்தா சீனியாரிட்டி போயிடுமே?"

அம்பத்தூர், கிண்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் என்னிடம் ஐடிஐ முடித்த பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. போகாது. தனியார் வேலையில் சேர்ந்ததற்காகப் பதிவு ரத்தாவதில்லை. வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்புகளிலேயே இதைத் தெளிவாகப் போடுகிறார்கள், யார் படிக்கிறார்கள்? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால்தான் சிக்கல்.

அரசு வேலைக்குக் கார்டு வரும் என்று காத்திருக்கிற இடமாகவே வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம். இன்று அதன் பெயரே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். தனியார் வேலை முகாம் நடத்துகிறார்கள். தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு எடுக்கிறார்கள். தனியார் வேலைக்கென்று தமிழக அரசின் இணையதளம் ஒன்றும் உண்டு. ஆள் தேடும் கம்பெனியும் பதியலாம், வேலை தேடுபவரும் பதியலாம். எதற்கும் கட்டணம் கிடையாது. 'டெபாசிட் கட்டு' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலாளிகள் தரப்பில் வேறொரு பயம். காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் அவர்கள் அனுப்புகிறவரையே எடுத்தாக வேண்டுமோ என்று. 25 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனங்கள் காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்ன 1959-ஆம் ஆண்டுச் சட்டமே, அப்படி எடுக்கக் கட்டாயமில்லை என்றும் சொன்னது. யாரை எடுப்பது என்பது உங்கள் முடிவு.

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரு பட்டறையில் 'சிஎன்சி ஆபரேட்டர், மூன்று வருட அனுபவம்' என்று, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷினுக்கு ஆள் வேண்டி, மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, அதைப் பிடிக்கும் சக்கில் மாட்ட வேண்டும், சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும், முடிந்ததும் வெர்னியரில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். புரோகிராமும், ஆஃப்செட் எனும் அளவுத் திருத்தமும் சூப்பர்வைசர் பாடு. இதற்கு எதற்கு மூன்று வருடம்? டர்னரோ மெஷினிஸ்டோ படித்த புதுப் பிள்ளை போதுமே. விளம்பரத்தை மாற்றி எழுதினோம்; இரண்டு அப்ரண்டிஸ்கள், அதாவது உதவித்தொகையில் வேலை பழகும் தொழிற்பழகுநர்கள், வந்து சேர்ந்தார்கள்.

அப்ரண்டிஸ் விஷயத்தைச் சிறு முதலாளிகள் அவசியம் கவனிக்க வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். நான்கு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. 2023 முதல் அது நேரே பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தவர்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்ட வேண்டியதில்லை. அதற்காக, கையில் அடிபட்டால் பொறுப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விபத்து இழப்பீடு முதலாளி தலையில்தான். அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தை அரசின் போர்ட்டலில் பதியாமல் வெறுமனே 'டிரெய்னி' என்று பெயர் வைத்து ஷிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. சோதனை வந்தால் மாட்டுவது இவர்கள்தான்.

அப்புறம், முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கு. பதினெட்டாயிரம் என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். அது சி.டி.சி.யா (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா என்று கேளுங்கள். சி.டி.சி. என்றால் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கும் அதற்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்காக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 12 சதவீதம் பி.எஃப்.க்கும், சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்கும் வேறு பிடிப்பார்கள். பிடித்தம் நல்லதுதான், பி.எஃப். உங்கள் பணம்தான். ஆனால் வாடகை கொடுப்பது கைக்கு வருவதிலிருந்து. செகண்ட் ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். திருவள்ளூர், அரக்கோணம் பக்கமிருந்து வருகிறவர்கள் வேலையை விடுவதற்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் சம்பளம் காரணமில்லை, அந்த பஸ்தான்.