ஒரே வட்டம், இரண்டு தீர்ப்பு

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துச் சோதிக்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஆன்டிபயாடிக் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளில் ஒன்று. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும். ஆர் என்றால் கட்டுப்படாது. ஐ இரண்டுக்கும் நடுவில். அந்த ஓர் எழுத்தை எழுத லேபுக்கு இரண்டு மூன்று நாள் ஏன் ஆகிறது என்று பலரும் பொறுமை இழக்கிறார்கள்.

மருந்தை எதிர்க்கும் கிருமியின் ஆற்றல் நுண்ணோக்கியில் தெரிவதில்லை என்பதே காரணம். மருந்துக்குச் சாகும் ஈ.கோலை பாக்டீரியாவும் சாகாத ஈ.கோலையும் பார்வைக்கு ஒன்றுதான். மருந்தின் அருகில் வளரவிட்டுப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். முதல் நாள் சிறுநீரைத் தட்டில் தேய்த்து வைக்கிறார்கள். மறுநாள் மெக்கான்கி அகார் என்ற, கிருமி வளர்க்கும் கூழ் ஊடகத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக ஈ.கோலை திரண்டிருக்கும். மாதிரி கொடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் இந்தப் புள்ளிகள் வராமலே போகலாம். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் கிருமி இருக்காது. முதல் மாத்திரைக்கு முன் மாதிரி கொடுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்தப் புள்ளிகளில் சிலவற்றை எடுத்து உப்புக்கரைசலில் கலக்குகிறார்கள். கலங்கலை ஓர் அளவுக் குழாயோடு ஒப்பிட்டு, மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்கும்படி சரிசெய்து, முல்லர்-ஹின்டன் அகார் தட்டு முழுவதும் பஞ்சுக் குச்சியால் பூசுகிறார்கள். மேலே, மருந்து ஏற்றிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வைத்து, சுமார் 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விடுகிறார்கள். வில்லையிலிருந்து மருந்து கசிந்து பரவும்; தூரம் கூடக் கூட அதன் அடர்த்தி குறையும். கிருமியால் தாங்க முடிகிற அடர்த்தி வரும் இடத்தில் வளர்ச்சி தொடங்கிவிடும். அதற்கு உட்பட்ட பகுதி வெறுமையான வட்டமாகத் தெரியும்.

ஆய்வாளர்கள் பாயரும் கர்பியும் அவர்களது குழுவினரும் 1966-இல் இந்த முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். அகாரின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்பது வரை விதி உண்டு. அகார் மெலிந்தால் வட்டம் பெரிதாகும். கிருமிக் கலங்கல் அடர்ந்தால் சிறிதாகும். விதியில் சற்றுத் தளர்ந்தாலும் ஆர் என்பது எஸ் ஆகிவிடும் என்பதால், இந்தக் கறார்த்தனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சில லேப்கள் வட்டத்தின் விட்டத்தையும் அச்சிட்டுத் தருகின்றன. எண் பெரிதாக உள்ள மருந்தே வலுவான மருந்து என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு தட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையைச் சுற்றி 20 மில்லிமீட்டர், நைட்ரோஃபுரான்டாயின் வில்லையைச் சுற்றியும் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்திய லேப்கள் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்க அளவுகோலின்படி, ஈ.கோலைக்குச் சிப்ரோஃப்ளாக்சசினில் 21-உம் அதற்குக் கீழும் ஆர். எஸ் வாங்க 26 வேண்டும். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 இருந்தாலே எஸ். எனவே ஒரே 20 ஒன்றில் ஆர், மற்றதில் எஸ். முதல் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம், இரண்டாவதில் 300. அகாரில் பரவும் வேகமும் வேறு. உடலில் மருந்து எட்டும் அடர்த்தியும் வேறு. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில்தான் திரளும், இரத்தத்தில் போதிய அளவு நிற்காது. ஆகவே சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு உதவும் அதே எஸ், கிருமி இரத்தத்தில் கலந்தவருக்கு உதவாது.

வட்டத்தின் வடிவமும் பேசும். சீழ்க்கட்டிகளில் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் சில, கிளின்டமைசினுக்குக் கட்டுப்படுவதுபோல் நடந்துகொள்ளும். எதிர்ப்பு மரபணு உள்ளே இருக்கும், ஆனால் உறங்கிக் கிடக்கும். எரித்ரோமைசின் அதைத் தட்டி எழுப்பும். எனவே இரண்டு வில்லைகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் வைக்கிறார்கள். மரபணு இருந்தால், எரித்ரோமைசினை நோக்கிய பக்கத்தில் கிளின்டமைசின் வட்டம் தட்டையாகி, ஆங்கில 'டி' எழுத்துபோல் நிற்கும். மறுபக்கம் அகலமாக, நிம்மதி தருவதாகவே இருக்கும். அதை மட்டும் அளந்து எஸ் என்று எழுதினால், கொடுத்த மருந்து பாதியில் கைவிடக்கூடும்.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் இந்த முறைக்கு அடங்காது. அதன் மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. மருந்தைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து சோதிப்பதே வழக்கம்.

மரபணுவையே நேராகத் தேடினால் நாட்களை மிச்சப்படுத்தலாமே என்று கேட்கலாம். காசநோயில் அது நடந்துவிட்டது. அந்தக் கிருமி தட்டில் வளர வாரக்கணக்காகும். ஜீன்எக்ஸ்பர்ட் கருவியோ சுமார் இரண்டு மணி நேரத்தில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்பதைச் சொல்லிவிடுகிறது. எதிர்ப்புப் பெற்றவற்றில் ஏறக்குறைய 95 சதவீதம், ஒரே மரபணுவின் 81 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள சிறு பகுதியில்தான் மாற்றம் கொண்டிருக்கின்றன. தேட வேண்டிய இடம் முன்பே தெரியும். ஈ.கோலையோ சிப்ரோஃப்ளாக்சசினிடமிருந்து தப்பப் பல வழிகள் வைத்திருக்கிறது: மருந்து தாக்கும் நொதியை மாற்றிக்கொள்ளும், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும், வேறொரு பாக்டீரியாவிடமிருந்து பாதுகாப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும். அவற்றில் ஒன்றை மட்டும் தேடி, இல்லை என்ற பதில் வந்தால், அதை வைத்து எஸ் என்று எழுத முடியாது.