கார்டில் காசு வாங்கி மைல் சேர்த்த காலம்: அமெரிக்க டாலர் நாணயத் திட்டம் எப்படி ஓடியது, ஏன் நின்றது

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடி, பேச்சு கிரெடிட் கார்டு பாயிண்ட் பக்கம் திரும்பினால், யாராவது ஒருவர் இதை எடுக்காமல் இருக்க மாட்டார்: "அரசாங்கத்திடமே கார்டில் டாலர் நாணயம் வாங்கி, அதையே பேங்கில் போட்டு, ஓசியில் டிக்கெட் எடுத்தார்களாமே, நிஜமா?"

நிஜம்தான். 2008-இல் தொடங்கி 2011 ஜூலை வரை நடந்தது. சட்டவிரோதம் என்று யாரும் பிடிபடவில்லை. இப்போது முயன்றால் நடக்காது. ஏன் நடந்தது, ஏன் நின்றது, இன்றைக்கு என்ன விதி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திட்டத்தை "டைரக்ட் ஷிப்" என்பார்கள். அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் காசுகளைப் பொதுமக்களுக்கு நேராக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. இணையதளத்துக்குப் போய்ப் பெட்டி கணக்கில் கேட்க வேண்டும். ஒரு பெட்டியில் காகிதம் சுற்றிய பத்து ரோல், ரோலுக்கு 25 காசு, ஆக மொத்தம் 250 காசு. விலை 250 டாலர். முகமதிப்புக்கு மேல் ஒரு சென்ட் கிடையாது, பார்சல் செலவும் நாணயச்சாலையுடையது. ஒரு காசு 8.1 கிராம், பெட்டியைத் தூக்கினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். உள்ளே இருப்பது பொன்னிறம் காட்டும் மாங்கனீசு பித்தளை. ஒரு பக்கம் ஏதோ ஒரு பழைய அதிபரின் முகம், மறுபக்கம் சுதந்திர தேவி சிலை. ஆண்டும் இன்னும் சில எழுத்துகளும் காசின் விளிம்பில் பொறித்திருக்கும்.

பணத்தைக் காசோலையாகவோ கார்டிலோ கட்டலாம் என்று வைத்திருந்தார்கள். சந்து திறந்தது அந்த இடத்தில்தான்.

சாதாரணமாகக் கிரெடிட் கார்டை வைத்து ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் அதற்கு "கேஷ் அட்வான்ஸ்" என்று பெயர். எடுத்த நிமிடத்தில் ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி, பாயிண்ட் கிடையாது. ரொக்கத்தைக் கார்டில் வாங்கிப் பாயிண்ட் சேர்ப்பதைத் தடுக்கக் கார்டு கம்பெனிகள் போட்டிருக்கும் வேலி அது. ஆனால் நாணயச்சாலை அவர்கள் கணக்கில் ஒரு கடை. நினைவு நாணயம், பரிசுப்பெட்டி எல்லாம் விற்கிற கடை. அங்கே 250 டாலர் செலவழித்தால் புத்தகமோ சட்டையோ வாங்கியது போலவே பதிவாகும். பாயிண்ட் விழும், பில்லைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை.

கணக்கு எப்படி வரும் என்று பார்க்கலாம். நான்கு பெட்டி, 1000 டாலர். டாலருக்கு ஒரு மைல் (விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் பாயிண்ட்) தரும் கார்டு என்றால் 1000 மைல்; இரண்டு சதவீதம் பணம் திருப்பித் தரும் கார்டு என்றால் 20 டாலர். பெட்டி வந்ததும் வங்கிக்குத் தூக்கிப் போய் அப்படியே கணக்கில் போட வேண்டியது. பில் வந்த பிறகும் கட்டுவதற்கு மூன்று வாரமாவது அவகாசம் இருக்கும், அந்தக் கணக்கிலிருந்தே கட்டிவிடலாம். கையிலிருந்து போனது பூஜ்யம், வந்தது 1000 மைல். அந்த நாட்களில் பல அமெரிக்க விமான நிறுவனங்களில் உள்நாட்டுப் போய்வரும் டிக்கெட்டுக்கு 25,000 மைல் போதும். புது கார்டு எடுத்தால் "மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் செலவழித்தால் போனஸ்" என்பார்களே, அந்த இலக்கைத் தாண்டவும் காசுப் பெட்டி கைகொடுத்தது. ஒருவர் மட்டும் 8 லட்சம் டாலருக்குக் காசு வாங்கியதாகவும், அதோடு அவருடைய மொத்த மைல் கணக்கு 20 லட்சத்தைத் தாண்டியதாகவும் அப்போது செய்தி வந்தது. 8 லட்சம் காசு என்றால் ஆறரை டன் எடை. அதை வங்கிக்குச் சுமந்தவரின் முதுகை நினைத்தால் அந்த மைலை ஓசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஒரு அரசாங்கம் எதற்காக இப்படி வீடு வீடாகக் காசு அனுப்ப வேண்டும்?

அமெரிக்கர்கள் ஒரு டாலர் காசை எப்போதுமே விரும்பியதில்லை. 1971-இல் ஐசனோவர் முகம் போட்டு வந்த காசு பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. 1979-இல் பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோணி முகம் போட்டுக் காசைச் சிறிதாக்கினார்கள். கால் டாலர் காசு போலவே இருக்கிறது என்று மக்கள் ஒதுக்கினார்கள். 2000-இல் பொன்னிறத்தில், சகாகவீயா என்ற பழங்குடிப் பெண்ணின் முகம் போட்ட காசு வந்தது. அதுவும் மேசை டிராயருக்குத்தான் போனது. காரணம் ரகசியம் ஒன்றுமில்லை: டாலர் நோட்டு நிற்கவே இல்லை. கனடா 1987-இல் டாலர் காசைக் கொண்டுவந்து 1989-இல் நோட்டு வெளியிடுவதை நிறுத்தியது. பிரிட்டன் 1983-இல் பவுண்டு காசைக் கொண்டுவந்து 1988-இல் நோட்டைத் திரும்பப் பெற்றது. அங்கெல்லாம் காசு ஓடியது. மடித்துப் பையில் வைக்க நோட்டு இருக்கும்போது கனத்தை யார் சுமப்பார்கள்?

இந்த நிலையில் 2005 டிசம்பரில் அதிபர் காசுச் சட்டம் நிறைவேறியது. 2007 முதல் ஆண்டுக்கு நான்கு அதிபர்கள் வீதம், பதவி வகித்த வரிசையில் காசு அடிக்க வேண்டும். இறந்து இரண்டு ஆண்டாவது ஆகியிருந்தால்தான் அவருக்குக் காசு. மாநிலங்களின் பெயரில் வந்த கால் டாலர் காசுகளை மக்கள் ஆர்வமாகச் சேர்த்ததைப் பார்த்துவிட்டு, இதையும் சேர்ப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சகாகவீயா காசும் கூடவே அடிக்கப்பட வேண்டும் என்று ஒரு பிரிவு. காசு புழங்கத் தடையாக இருப்பதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு. ஒவ்வொரு புது அதிபர் காசும் வெளியாகும்போது வேறு காசு கலக்காமல் அந்தக் காசு மட்டுமே வங்கிகளுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்றும் விதி. வங்கிகள் புதுக் காசை வாங்கும். விற்காமல் நின்றதை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குத் திருப்பும். மூன்று மாதத்தில் அடுத்த அதிபர் வந்துவிடுவார். வேண்டாம் என்று யார் சொன்னாலும் இயந்திரம் நிற்காது, சட்டம் அப்படி.

"வங்கியில் கேட்டால் டாலர் காசு இல்லை என்கிறார்கள்" என்பது அப்போது அடிக்கடி வந்த புகார். அதற்குப் பதிலாகத்தான் டைரக்ட் ஷிப் வந்தது. கடைக்காரர்கள், காசில் சில்லறை தர விரும்புகிறவர்கள் நேராக வாங்கிப் புழக்கத்தில் விடட்டும் என்பது எண்ணம். அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான் என்பார்களே, அது போல மைல் சேர்ப்பவர்கள் உள்ளே வந்தார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பலர் சரியாகப் புரிந்துகொள்ளாத இடம் இது. நாணயச்சாலைக்கு ஒரு டாலர் காசு அடிக்க ஆகும் செலவு அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி அரசாங்கத்துக்கு லாபம். ஆனால் அந்த லாபம் காசு மக்கள் கையில் இருக்கும் வரைதான். நான் ஒரு டாலர் கொடுத்துக் காசை வாங்கி உண்டியலில் போட்டால், என் டாலரை வட்டியில்லாமல் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தது போல. அதே காசை வங்கியில் போட்டு, வங்கி அதை ஃபெடரல் ரிசர்வுக்குத் திருப்பினால், அங்கே முழு ஒரு டாலர் வரவு வைக்க வேண்டும். கடன் திரும்பிவிட்டது. மிஞ்சுவது பெட்டகத்தில் ஒரு பித்தளை வட்டு. இதற்கு நடுவில் நாணயச்சாலை கார்டு கட்டணம் கட்டியிருக்கிறது, பார்சல் கூலி கட்டியிருக்கிறது; பிறகு கவச வண்டியில் ஏற்றிப் பெட்டகத்துக்கு அனுப்பும் செலவு வேறு. கார்டு கம்பெனி தந்த மைலுக்கான பணம் கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. இங்கே கடைக்காரர் அரசாங்கம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நாணயச்சாலைக்கு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தான் சுற்றி அனுப்பிய ரோல்கள் பிரிக்கப்படாமலே வங்கிகளில் வந்து விழுந்தால் தெரியாமல் எப்படி இருக்கும்? பத்து நாளைக்கு ஒருவருக்கு 1000 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். நிறைய வாங்கியவர்களுக்கு, காசை என்ன செய்தீர்கள் என்று கேட்டுக் கடிதம் போனது. சிலருக்கு விற்பதையே நிறுத்தினார்கள். ஆர்டர் செய்யும் பக்கத்தில், வாங்கியதை உடனே வங்கியில் போடுவது திட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று எழுதி, ஒப்புக்கொள்ள ஒரு கட்டமும் வைத்தார்கள்.

என் பார்வையில் கோடு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் செய்தவர்கள் திறந்திருந்த கதவு வழியாகப் போனவர்கள். கட்டத்தில் டிக் அடித்துவிட்டு மறுநாள் பெட்டியோடு வங்கி வாசலில் நின்றவர்கள் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டவர்கள். தண்டனை இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம்.

கடைசியில் 2011 ஜூலை 22 முதல் கிரெடிட், டெபிட் கார்டு இரண்டையும் ஏற்பதை நிறுத்தினார்கள். பணத்தை வங்கி மாற்றலாகவோ காசோலையாகவோதான் அனுப்ப வேண்டும் என்றானது. மைல் கூட்டம் அன்றோடு கலைந்தது.

ஆனால் பெட்டகம் நிரம்பியதற்கு அந்தக் கூட்டத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2011 முடிவில் ஃபெடரல் ரிசர்வ் பெட்டகங்களில் தேங்கியிருந்த டாலர் காசு 140 கோடி. நாணயச்சாலை அனுப்பிய டாலர் காசுகளில் 40 சதவீதம் திரும்பி வந்துகொண்டிருந்தது. வைக்க இடமில்லாமல் டாலஸில் 6.5 லட்சம் டாலரில் புதுப் பெட்டகம் கட்டத் திட்டம் போட்டார்கள். மைல்காரர்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கியதெல்லாம் இந்த மலையில் ஒரு ஓரம். மலையைக் கட்டியது ஆண்டுக்கு நான்கு அதிபர் என்ற சட்டம்தான். 2011 டிசம்பர் 13 அன்று, புழக்கத்துக்காக அதிபர் காசு அடிப்பதை நிறுத்துவதாக துணை அதிபர் பைடனும் நிதித்துறையும் அறிவித்தார்கள். ஆண்டுக்கு 5 கோடி டாலர் மிச்சம் என்றார்கள். சட்டத்தை அவர்களால் மாற்ற முடியாது என்பதால், சேகரிப்பவர்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் அடித்து 2016-இல் ரீகன் வரை வரிசையை முடித்தார்கள்.

நோட்டை எடுத்துவிட்டுக் காசுக்கு மாறினால் லாபம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது. 2011-இல் அது சொன்ன கணக்கு, 30 ஆண்டில் 550 கோடி டாலர் மிச்சம். 2019-இல் அதே அமைப்பு மறுபடி கணக்குப் பார்த்து, மாறினால் நஷ்டம்தான் என்றது. இடையில் டாலர் நோட்டின் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காசுக்காக வாதாடியவர்களின் முக்கிய ஆயுதமே கையை விட்டுப் போனது.

இன்றைக்கு என்ன நிலை? டாலர் காசு செல்லும் பணம்தான். டிராயரில் கிடந்தால் கடையில் கொடுக்கலாம், வங்கியில் போடலாம். நாணயச்சாலை இப்போதும் கார்டில் காசு விற்கிறது, ஆனால் சேகரிப்பாளர் விலைக்கு: 25 காசு ரோலுக்கு 30 டாலருக்கு மேல், அனுப்பும் செலவு தனி. இரண்டு சதவீதப் பாயிண்டுக்காக இருபது சதவீதத்துக்கு மேல் இழக்க யாரும் வரமாட்டார்கள். வங்கி கவுண்டரில் முகமதிப்புக்கே கேட்டு வாங்கலாம்; அங்கே கிரெடிட் கார்டு எடுபடாது. கார்டு கம்பெனிகளும் தங்கள் விதிகளில், ரொக்கத்துக்குச் சமமான எதை வாங்கினாலும் பாயிண்ட் இல்லை என்று எழுதிவைத்துவிட்டன. பாயிண்ட் வேட்டைக்காரர்கள் அப்புறம் கிஃப்ட் கார்டு, மணி ஆர்டர் பக்கம் போனார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் ஒரே நாளில் கணக்கில் விழுந்தால் வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பும். காசும் ரொக்கம்தான். அறிக்கை போவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அறிக்கைக்குப் பயந்து 9,000, 9,000 என்று பிரித்துப் போடுவதுதான் குற்றம், பணம் நேர்மையாகச் சம்பாதித்ததாக இருந்தாலும்.

இன்னொன்று வருமான வரி. பொருள் வாங்கியதற்குக் கிடைக்கும் பாயிண்டை வரித்துறை தள்ளுபடியாகத்தான் பார்க்கிறது, வருமானமாக இல்லை. 2013, 2014 ஆண்டுகளில் ஒரு தம்பதி கிஃப்ட் கார்டுகளைக் கார்டில் வாங்கி, அவற்றால் மணி ஆர்டர் எடுத்து, வங்கியில் போட்டு 3 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி பார்த்தார்கள். வழக்கு வரி நீதிமன்றத்துக்குப் போய் 2021-இல் தீர்ப்பு வந்தது. கிஃப்ட் கார்டு ஒரு பொருள், அதற்கு வந்த வெகுமதிக்கு வரி இல்லை. கிரெடிட் கார்டிலேயே நேராக மணி ஆர்டர் வாங்கியதற்கும், டெபிட் கார்டில் பணம் ஏற்றியதற்கும் வந்த வெகுமதிக்கு வரி உண்டு.